கழுத்திலே சுரப்பி, கண்ணிலே நோய்

நம் பள்ளி ஆண்டு மலரின் இறுதிப் பக்கங்களில் ஆசிரியைகள், அலுவலகத்தார், விடுதிப் பணியாளர் ஆகியோரின் குழுப் படம் தவறாமல் இடம்பெறும். மாணவியராகிய நாம் நம் வகுப்புப் படத்தில் நம் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவதே வழக்கம். அப்படிப் புரட்டிய பக்கங்களில் மூன்று, சென்ற ஆண்டு ஒரு மருத்துவரின் மேசை வரை சென்று வந்தன. அது எதற்காக என்பதையும், அதனால் எங்கள் அறிவியல் மன்றத்தார் கற்றுக்கொண்ட பாடத்தையும் எழுத முனைகிறோம்.

விடுதிச் சமையற்கட்டில் பல ஆண்டுகளாக ஓர் அக்கா பணி செய்கிறார். பெயரைப் போடாமல் எழுதுங்கள் என்று சொல்லி, எழுத இசைவும் தந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் கண்கள் மெல்ல மெல்லப் பெரிதாகத் தொடங்கின. தினமும் பார்க்கிற முகத்தில் ஏற்படும் மாற்றம் எளிதில் புலப்படாது. விடுமுறை முடிந்து திரும்பிய சின்ன வகுப்புப் பிள்ளைகள்தாம் முதலில் கண்டார்கள். “அக்கா ஏன் எங்களை முறைக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டு, சோறு வாங்க வரிசையில் நிற்கப் பயந்தார்கள். பெரிய வகுப்பாராகிய நாங்கள் செய்தது இதைவிடக் கேவலமானது. அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தோம். அதை இங்கே அச்சிட எங்களுக்கு மனமில்லை. அது அவர் காதில் விழுந்திருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தோம்.

கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்று அவர் அடிக்கடி சொன்னார். அப்போது ஆடி மாதம். திண்டுக்கல்லின் ஆடிக் காற்று எப்படி வீசும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே காற்று என்றோம், அடுப்பங்கரைச் சூடு என்றோம். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். ஓரிடத்தில் தூக்கம் போதவில்லை என்றார்கள். இன்னோரிடத்தில் கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். ஏழு மாதங்கள் இப்படியே கழிந்தன. ஒருநாள் மிளகாய் வற்றலை முறத்தில் கொட்டியபடி, “இந்த வருசம் வத்தலுக்குக் கலரே இல்லையே பிள்ளைகளா, சாம்பல் பூத்த மாதிரியில்ல இருக்கு” என்றார். வற்றல் செக்கச்செவேலென்றுதான் இருந்தது. நாங்கள் சிரித்துவிட்டு நகர்ந்தோம்.

எங்களோடு வந்த உயிரியல் சிஸ்டர் சிரிக்கவில்லை. “ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள், இப்போது மறு கண்ணைப் பொத்துங்கள்” என்றார். இடக்கண்ணுக்கு மட்டும் சிவப்பு மங்கியது. பிறகு இரு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் அரச இலைபோல் நடுங்கியது. நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 110க்கு மேல். உடல் மெலிந்திருந்தது, ஆனால் பசிக்குக் குறைவில்லை. “கண்ணுக்கு வந்தது கழுத்திலிருந்து வந்திருக்கிறது” என்றார் சிஸ்டர். அந்த வாரமே அக்காவை மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். இனிப் பாடத்திற்கு வருவோம்.

கேடயமும் பூட்டும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம்தான். 1656ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். அதனால்தான் தமிழில் கேடயச் சுரப்பி என்றும் வழங்குகிறோம். நாம் உண்ணும் உணவு உடலில் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும், இதயம் எவ்வளவு விரைவாகத் துடிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் இதன் சுரப்புநீர் கட்டுப்படுத்துகிறது. இந்தச் சுரப்பிக்கு மேலதிகாரி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. அது அனுப்பும் தூண்டு நீர் வந்தால் தைராய்டு சுரக்கும், வராவிட்டால் அடங்கும்.

இதை விளக்க நம் ஊர்ப் பூட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைத்தான் சொல்கிறோம். தைராய்டு செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. அது பூட்டு. பிட்யூட்டரியின் தூண்டு நீர் அதற்குரிய சாவி. சாவி வந்து திருகினால் கதவு திறக்கும், சுரப்புநீர் வெளிவரும். இரத்தத்தில் சுரப்புநீர் போதிய அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரி சாவியை அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும்.

இப்போது யாரோ ஒரு கள்ளச் சாவி செய்து பூட்டுக்குள் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்தபடியே கிடக்கும். மேலதிகாரி நிறுத்தச் சொன்னாலும் சுரப்பி கேட்காது. இதயம் படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எவ்வளவு உண்டாலும் உடல் இளைக்கும். இந்தக் கள்ளச் சாவியைச் செய்பவர் வெளியாள் அல்லர், நம் உடலின் காவற்படைதான். கிருமிகளை எதிர்க்க எதிர்ப்பொருள்களைச் செய்யும் வெள்ளணுக்கள், ஏதோ ஒரு தடுமாற்றத்தில் சொந்தத் தைராய்டின் ஏற்பிக்கே எதிர்ப்பொருளைச் செய்துவிடுகின்றன. 1956ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆடம்ஸ், பர்வெஸ் என்ற இருவர், நோயாளிகளின் இரத்தத்தில் பிட்யூட்டரியின் சாவியைவிட நெடுநேரம் வேலை செய்யும் தூண்டுபொருள் ஒன்று இருப்பதைக் கண்டறிந்தனர். பின்னர் அது எதிர்ப்பொருளே என்று தெளிவாயிற்று.

தன்னுடலையே தாக்கும் இவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். முடக்குவாதமும் இவற்றுள் ஒன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்களைக் கோணச் செய்தது அந்த நோய்தான். 1918இல் பிறந்த அவர் மகப்பேறு மருத்துவராக விரும்பினார். முடக்குவாதம் அந்த வழியை அடைத்துவிட்டது. வளைந்த விரல்களில் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு கண் மருத்துவரானார். 1976ஆம் ஆண்டில் பணி ஓய்வுக்குப் பின் 11 படுக்கைகளுடன் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் மறைவதற்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவை மருத்துவங்களைத் தம் கையாலேயே செய்திருந்தார். காவற்படை வழி தவறி மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம், தைராய்டைத் தாக்கினால் கிரேவ்ஸ் நோய். வேர் ஒன்றே, கிளைகள் பல.

கிரேவ்ஸ் என்பது அயர்லாந்து மருத்துவர் ஒருவரின் பெயர். டப்ளின் நகரில் 1835ஆம் ஆண்டில் இராபர்ட் கிரேவ்ஸ் இந்நோயை விவரித்தார். அவரை அறியாமலே 1840இல் ஜெர்மனியின் மெர்செபர்க் ஊரில் கார்ல் வான் பேசடோவ், கழுத்து வீக்கம், படபடப்பு, பிதுங்கிய விழி ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினார். ஜெர்மானியர் இன்றும் இதைப் பேசடோவ் நோய் என்றே அழைக்கின்றனர். பாரசீக மருத்துவர் அல் ஜுர்ஜானி பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே கழலைக்கும் பிதுங்கும் கண்ணுக்கும் தொடர்புண்டு என்று குறித்துவிட்டார். பெயர் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை!

கண்ணுக்கு ஏன் வருகிறது?

தைராய்டில் பூட்டிய பூட்டு கண்ணை எப்படிக் கெடுக்கும் என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதே பூட்டு கண்குழியிலும் தொங்குகிறது என்பதே விடை. விழிக்கோளத்தின் பின்னால், கொழுப்பிற்கும் தசைகளுக்கும் இடையே நார்த்திசுச் செல்கள் உள்ளன. ஃபைப்ரோபிளாஸ்ட் என்று ஆங்கிலப் புத்தகங்கள் இவற்றைக் கூறும். தைராய்டு செல்லில் உள்ள அதே ஏற்பி இவற்றின் மேலும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி என்ற இன்னொரு பூட்டும் உண்டு. இரண்டும் கூட்டாளிகள். கள்ளச் சாவி ஒன்றைத் திருகினால் மற்றதும் சேர்ந்து வேலை செய்கிறது.

தூண்டப்பட்ட நார்ச்செல்கள் இரு தவறுகளைச் செய்கின்றன. முதலாவது, ஹையலுரானிக் அமிலம் என்ற பசைப்பொருளை அளவின்றிச் சுரக்கின்றன. இது தண்ணீரை உறிஞ்சி இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. இரண்டாவது, அச்செல்களுள் ஒரு பகுதி கொழுப்புச் செல்களாகவே மாறிவிடுகின்றன. கூடவே வெள்ளணுக்களும் வந்து குவிய, அந்த இடம் முழுதும் அழற்சியால் சிவந்து வீங்குகிறது.

பசைப்பொருள் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்பதைச் சோதனைக் கூடத்தில் செய்து பார்த்தோம். வீட்டிலும் செய்யலாம். டானிக் அளக்கும் 30 மில்லி லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்று எடுத்தோம். வளர்ந்தவரின் கண்குழியின் கொள்ளளவும் ஏறக்குறைய 30 மில்லி லிட்டர்தான். விழிக்கோளத்தின் குறுக்களவு சுமார் 24 மில்லி மீட்டர், அதன் கன அளவு 7 மில்லி லிட்டர் அளவில். அதற்கு ஒரு பெரிய கோலிக்குண்டு பொருத்தமாக அமைந்தது. குவளையின் அடியில் நனைத்த பஞ்சும் அதற்குள் சில பாதாம் பிசின் துண்டுகளும் வைத்தோம். ஜிகர்தண்டாவில் வழவழவென்று கிடக்குமே, அதே பிசின்தான். மேலே கோலியைப் பதித்து, சிறிது தண்ணீர் விட்டு இரவு முழுதும் மூடி வைத்தோம். (முதல் முறை கோலிக்குப் பதில் எலுமிச்சங்காய் வைத்தோம். அது தண்ணீரில் மிதந்துவிட்டது. இது சோதனையே அன்று என்று சிஸ்டர் தள்ளிவிட்டார்.) காலையில் வந்து பார்த்தால், விளிம்புக்குள் இருந்த கோலி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது!

கண்குழியைச் சுற்றி ஏழு எலும்புகள் சுவர் எழுப்பியுள்ளன. அவை வளையா, விலகா. முன்பக்கம் மட்டுமே வாசல். ஆகவே உள்ளே எது பெருத்தாலும் விழி முன்னோக்கித்தான் வர வேண்டும். நான்கு மில்லி லிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த அளவு பெருகினாலே விழி ஏறக்குறைய ஆறு மில்லி மீட்டர் முன்தள்ளும் என்று கணக்கிட்டுள்ளனர். அக்காவின் கண்களை மருத்துவர் ஹெர்ட்டல் கருவியால் அளந்து குறித்துக்கொண்டபோது, “பழைய படம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். மாற்றம் எப்போது தொடங்கியது என்று அறிய அதுவே எளிய வழி. அக்காவிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி. ஆதார் அட்டைப் படத்தையோ நம்ப முடியாது, அதில் எல்லோருக்கும் ஒரே முகம்! அப்போதுதான் சிஸ்டருக்கு ஆண்டு மலர் நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டு மலர்களையும் வரிசையாக வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். முதல் ஆண்டில் மேலிமை கருவிழியின் மேல்விளிம்பைச் சற்றே மூடியிருந்தது. இரண்டாம் ஆண்டில் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் ஆண்டில் கருவிழிக்கு மேலே வெண்மை தெரிந்தது. அந்த மூன்றாம் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் பட்டப்பெயர் வைத்தோம்.

எந்தத் திசுவுக்கு என்ன நேர்கிறது?

முதலில் இமை. இயல்பான கண்ணில் மேலிமை கருவிழியின் மேற்பகுதியை ஒன்று அல்லது இரண்டு மில்லி மீட்டர் மூடியிருக்கும். இந்நோயில் இமையைத் தூக்கும் தசைகள் இழுபட்டும் இறுகியும் போவதால் இமை மேலே ஏறிவிடுகிறது. நோயாளிகளுள் மிகப் பெரும்பாலாரிடம் காணப்படும் அடையாளம் இதுவே. முறைப்பது போன்ற பார்வை இமையின் வேலையே தவிர, மனத்தின் வேலை அன்று. தலை அசையாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால், விழி இறங்கிய பிறகும் இமை பின்தங்கி மெல்ல இறங்கும். பெர்லின் நகரத்து வான் கிரேஃபே 1864இல் கண்டுரைத்த குறி இது. அவர் வேறு, டப்ளின் கிரேவ்ஸ் வேறு. தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து விழியை அசைக்கும் தசைகள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசைகள் உண்டு. நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். வீக்கம் பெரும்பாலும் கீழ் நேர்த்தசையிலும், அதன்பின் மூக்குப் பக்கத்து உள் நேர்த்தசையிலும் தொடங்கும். ஸ்கேன் படத்தில் இத்தசைகள் நடுவில் பருத்து, விழியோடு ஒட்டும் நுனியில் மெலிந்து, நம் நூற்பாலைகளில் காணும் நூல் கதிரைப் போல் தோன்றும். வீங்கிய தசை நாளடைவில் நார் பாய்ந்து விறைத்துவிடும். கீழ்த்தசை விறைத்தால் கண் மேலே உயர முடியாது, கட்டிப்போட்ட கன்று கயிற்றின் நீளத்தோடு நின்றுவிடுவது போல. ஒரு கண் உயர்ந்து மறு கண் உயராதபோது ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். அக்கா மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்கும்போது இரண்டு டப்பாக்கள் தெரிவதாகவும், எதைப் பிடிப்பதென்று தெரியாமல் காற்றைப் பிடிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அதற்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

கருவிழியை மூடியுள்ள கார்னியா என்னும் ஒளிபுகு படலத்தில் இரத்தக் குழாய்களே இல்லை. கண்ணீர்ப் படலமும் இமையின் துடைப்புமே அதைக் காத்து வருகின்றன. இமை முழுதும் மூடாவிட்டால், குறிப்பாக உறக்கத்தில், கார்னியா காய்ந்துபோகும். கண்ணீர்ச் சுரப்பியும் அழற்சியால் கெடும். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருக்க, கண்ணோ காய்ந்திருக்கும் விந்தையை இந்நோயாளிகளிடம் காணலாம். நம் சமவெளியின் வறண்ட காற்றும் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புண் ஏற்பட்டு ஆறிய தழும்பு பார்வையை மறைத்துவிடும். ஆகவேதான் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, தலையணையைச் சற்று உயர்த்தல், வெளியே செல்லும்போது பக்கம் மூடிய கண்ணாடி ஆகியவற்றை முதற்கண் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது பார்வை நரம்புக்கு வரும் நெருக்கடி. கண்குழி பின்னோக்கிக் குறுகிச் செல்லும் புனல் போன்றது. அதன் குறுகிய முனை வழியேதான் பார்வை நரம்பு மூளைக்குச் செல்கிறது. பருத்த தசைகள் நாற்புறமும் அம்முனையில் நெருக்க, நரம்பு நடுவில் நசுங்குகிறது. வெளித்தோற்றத்தில் விழி பெரிதாகப் பிதுங்காதவர்க்கும் இது நேரலாம். விழி முன்னே வர இடமில்லாதபோது அழுத்தம் முழுதும் உள்ளேயே நின்றுவிடுகிறது. நரம்பு நசுங்கும்போது எழுத்துப் பலகையில் பார்வை குறையுமுன்பே நிறங்கள் வெளுக்கும், முதலில் சிவப்பு. வற்றலில் கலரே இல்லை என்று அக்கா சொன்னது பிரான்சிலும் ஜப்பானிலும் மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்கும் செய்தி என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. கண் நோயுற்றவர்களில் நூற்றுக்கு ஐவர் அளவில்தான் இந்நிலை வரும். ஆனால் வந்தால் காத்திருக்கக் கூடாது.

யாருக்கு வரும்?

கிரேவ்ஸ் நோய் பெண்களுக்கே மிகுதி. கண்ணில் அது கடுமையாகத் தாக்குவது ஆண்களிடம் சற்று அதிகம். கிரேவ்ஸ் நோயுற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண்ணிலும் அறிகுறிகள் தோன்றும். சிலருக்கு முதலில் கண், பிறகே தைராய்டு. சிலருக்கு இரத்தத்தில் தைராய்டு அளவு சரியாகவே இருந்தும் கண் மட்டும் பாதிக்கப்படும். சிறுமியர்க்கு வந்தால் பெரும்பாலும் இலேசாகவே இருக்கும். பதவியும் வசதியும் இதைத் தடுப்பதில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷின் துணைவியார் பார்பராவுக்கு 1989இல் இந்நோய் கண்டறியப்பட்டது, கண்களும் பாதிக்கப்பட்டன. 1991இல் கணவருக்கும் அதே தைராய்டு நோய்! அவர்கள் குடித்த தண்ணீரைக்கூடச் சோதித்தார்கள், காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலையோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். அக்காவின் உறவினர் ஒருவர் உப்பைக் கூட்டிச் சாப்பிடச் சொன்னார், இன்னொருவர் உப்பையே விடச் சொன்னார். அயோடின் குறைவு வேறு கதை. காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் இராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வும், 1962இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட கழலைத் தடுப்புத் திட்டமும், இன்று நாம் உண்ணும் அயோடின் உப்பும் அந்தக் கதையைச் சேர்ந்தவை. கிரேவ்ஸ் நோயில் குறையிருப்பது உப்பில் அன்று, காவற்படையில்.

ஆனால் நம் ஊருக்கு நேராகப் பொருந்தும் ஒரு காரணம் உண்டு. அது புகை. திண்டுக்கல் என்றால் பூட்டு, வாழை என்பதோடு சுருட்டும் புகையிலையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை இவ்வூரில்தான் இயங்கியது. வேடசந்தூரில் 1948 முதல் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் உண்டு. நம்முள் பலர் வீட்டு அடுப்பு எரிவது இந்த இலையின் வருவாயில்தான். ஆகவே இதைச் சொல்வது எளிதன்று. இருந்தும், கிரேவ்ஸ் நோயாளி புகைபிடித்தால் கண் நோய் வரும் வாய்ப்பும் அதன் கடுமையும் மிகும், சிகிச்சைக்கு அது எளிதில் பணியாது, கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் பின் கண் மோசமாவதும் புகைப்பவரிடமே அதிகம் என்பவை பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மைகள். எத்தனை புகைக்கிறாரோ அத்தனைக்குக் கேடு. புகைப்பவர் அருகில் இருப்பவரும் விலகியிருப்பது நல்லது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

“வீட்டில் யார் புகைபிடிக்கிறார்கள்?” என்று மருத்துவர் கேட்டபோது அக்கா வாய் திறக்கவில்லை. உடன் சென்றிருந்த அவர் கணவர்தான் தலையைக் குனிந்துகொண்டாராம். ஒரே அறை உள்ள வீடு. இரவில் இரண்டு பீடி அதற்குள்ளேயே. மறுநாள் முதல் அவர் தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போய்விட்டு வருகிறார். முழுதும் விட்டுவிட்டாரா என்று கேட்டோம். “விடுறேன் விடுறேன்னு சொல்லிக்கிட்டிருக்காரு” என்றார் அக்கா.

மருத்துவம்

இந்நோய்க்கு ஒரு காலக்கணக்கு உண்டு. 1945இல் ரண்டில் என்ற மருத்துவர் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். ஆறு மாதம் முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டு வரை நோய் கனன்று ஏறும், பிறகு சற்று இறங்கி ஓரிடத்தில் நிலைத்துவிடும். நெருப்பு எரியும் காலத்தில் அதை அணைக்க வேண்டும். அணைந்த பிறகே இடிந்ததைக் கட்ட வேண்டும். எரியும் காலத்தில் தைராய்டை அடக்கக் கார்பிமசோல் போன்ற மாத்திரைகளும், கண்ணின் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு மருந்தும் தருகிறார்கள். மாத்திரையைவிட, வாரம் ஒருமுறை இரத்தக் குழாய் வழியே பன்னிரண்டு வாரம் ஏற்றுவது நல்ல பலன் தருவதாகக் கண்டுள்ளனர். இலேசான நோய்க்குச் செலினியம் என்ற தாதுவை ஆறு மாதம் கொடுத்து ஐரோப்பாவில் பயன் கண்டனர். அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. 2020இல் அமெரிக்காவில் டெப்ரோட்டுமுமாப் என்ற மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. முன்பு சொன்னோமே, பக்கத்திலுள்ள இரண்டாவது பூட்டு, அதன் துளையில் மெழுகு அடைத்தாற்போல் இது அடைத்துக்கொள்கிறது. பிதுங்கிய விழி பின்செல்கிறது. சிலருக்குக் காது மந்தமாகலாம், இரத்தச் சர்க்கரையும் கூடலாம். விலையைக் கேட்டால் நமக்கே விழி பிதுங்கும்.

நோய் அடங்கிய பின் அறுவை. அதற்கும் வரிசை உண்டு. முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் இமை. எலும்பை ஏன் தொட வேண்டும்? எங்கள் டானிக் குவளையின் பக்கச் சுவரில் பிளேடால் ஒரு சாளரம் வெட்டினோம். ஊறிய பிசின் அதன் வழியே வெளியே பிதுங்க, கோலி தானாக உள்ளே இறங்கிவிட்டது. கண்குழியின் சுவருக்கு அப்பால் மூக்கை ஒட்டிய காற்றறைகள் உள்ளன. இடைச்சுவரின் ஒரு பகுதியை நீக்கினால், பெருத்த திசு அங்கே இடம் தேடிக்கொள்ளும். விழி பின்னே செல்லும், நரம்புக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். வரிசை மாறினால் முன்பு செய்தது வீணாகும், ஏனெனில் எலும்பைத் தொட்டால் தசையின் நிலை மாறும், தசையைத் தொட்டால் இமையின் நிலை மாறும்.

நரம்பு நசுங்கினால் மட்டும் இந்தக் காலக்கணக்கும் வரிசையும் பார்ப்பதில்லை. அக்காவுக்கு உடனே மூன்று நாட்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு ஏற்றினார்கள், மறுவாரமும் ஏற்றினார்கள். தேறாவிட்டால் தாமதமின்றி எலும்பு அறுவை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் விடுதியில் இரவு மணி அடித்த பிறகும் பலர் உறங்கவில்லை. பட்டப்பெயரை முதலில் சொன்னவள் சிற்றாலயத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கண்டோம், ஒன்றும் கேட்கவில்லை. பதினோராம் நாள் சிஸ்டரிடம் தொலைபேசியில் அக்கா சொன்ன செய்தி: “பக்கத்துக் கட்டில் பொண்ணோட சீலை சிவப்புன்னு இப்பத்தான் தெரியுது சிஸ்டர், இம்புட்டு நாளும் காவின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அதன்பின் வாரந்தோறும் மருந்தேற்றலுக்கு மதுரைக்குப் பேருந்தில் சென்று வந்தார். ஒவ்வொரு முறையும் எங்களில் இருவர் பெற்றோர் இசைவோடு சிஸ்டருடன் துணை சென்றோம். வலக்கண் முழுதும் தேறிவிட்டது, இடக்கண் பெருமளவு. மேலே பார்த்தால் இன்னும் இரண்டாகத்தான் தெரிகிறது. அதனால் சமையற்கட்டின் மேல்தட்டு டப்பாக்களையெல்லாம் கீழே இறக்கி அடுக்கிவிட்டோம். நோய் ஆறு மாதமாவது அசையாமல் நிலைத்த பிறகே தசையையும் இமையையும் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அளவு எடுக்கிறார்கள்.

இவ்வாண்டுக் குழுப் படத்தில் அவர் இரண்டாம் வரிசையில் வலக்கோடியில் நிற்கிறார். படம் எடுத்தவர், “அந்தக் கடைசியில் நிற்கிற அம்மா, கண்ணை இவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டாம்” என்றார். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அக்காதான், “இதுக்கு மேல சுருக்க முடியாது தம்பி, எடுங்க” என்று சொல்லிச் சிரித்தார். முந்தைய மூன்று மலர்களும் மருத்துவரின் பென்சில் குறிகளோடு நூலகத்தில் உள்ளன. அடுத்த அளவெடுப்புக்கு இந்த மலரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.